அடியின் வேகத்தையும் பலத்தையும் அளப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் கராத்தே, டேக்வாண்டோ, குத்துச்சண்டை, சிலம்பம் பழகுகிறவர்களும், பிள்ளைகளை வகுப்பில் கொண்டுவந்து விடும் பெற்றோரும் ஓயாமல் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர் வாயில் வந்தபடியே கேள்விகளை எழுதியிருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நகர்வதால், முதல்முறை வரிசையாகப் படித்துவிடுங்கள். ஸ்லோமோஷன் உள்ள ஒரு போன், அளவு டேப், சாக்பீஸ், தொங்கும் பை ஆகியவை கையில் இருந்தால் போதும்.

1. வேகமா அடிச்சா பலமா அடிச்ச மாதிரிதானே சார்? ரெண்டையும் ஏன் தனித்தனியா அளக்கணும்?

பாதி சரி. ஈரத்துண்டை உதறினால் அதன் நுனி பயங்கர வேகத்தில் பாயும். பட்டால் சுளீரென்று இருக்கும், ஆனால் ஆளை அசைக்காது. அரிசி மூட்டையைத் தோளில் வைத்திருப்பவர் மெதுவாக வந்து இடித்தாலும் நாம் இரண்டடி தள்ளிப் போவோம். அடி என்பது வேகமும் அந்த வேகத்துக்குப் பின்னால் சேர்ந்து வரும் எடையும். அந்த எடை உங்கள் முழு உடல் எடை அல்ல. படும் கணத்தில் முஷ்டியோடு இறுகி ஒன்றாக நிற்கும் பங்கு மட்டும்தான்.

ஒலிம்பிக் குத்துச்சண்டை வீரர்களை வைத்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில் கையின் வேகம் சராசரியாக வினாடிக்கு 9.14 மீட்டர், விசை 3427 நியூட்டன், முஷ்டியோடு சேர்ந்து வந்த எடை 2.9 கிலோ. எடைப் பிரிவு ஏற ஏற விசை கூடியது. அதற்கு முக்கியக் காரணம் கை வேகமாகப் போனது அல்ல, சேர்ந்து வந்த எடை கூடியதுதான். வேகத்தை மட்டும் அளந்தால் இந்தப் பாதி கண்ணுக்கே படாது.

2. ‘400 கிலோ பஞ்ச்’னு யூடியூப்ல சொல்றாங்களே, 400 கிலோ மூட்டையைத் தூக்குற பலமா அது?

இல்லை. அது விசையை 9.8ஆல் வகுத்துக் கிலோவில் சொல்வது. உலகத் தரவரிசையில் இருந்த ஒரு ஹெவிவெயிட் வீரரை 1985இல் சோதித்தபோது வந்த உச்ச விசை 4096 நியூட்டன், அதைத்தான் ‘0.4 டன்’ என்று எழுதினார்கள். கை பட்ட 14 மில்லி வினாடிக்குள் அந்த உச்சம் வந்து போய்விட்டது. கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குதான் அது. மூட்டையைத் தூக்க அந்த விசை வினாடிக்கணக்கில் நிற்க வேண்டும்.

இன்னொன்று, உச்ச விசை அடிப்பவரை மட்டும் பொறுத்ததல்ல, அடி படும் பொருளையும் பொறுத்தது. அதே குத்து கெட்டியான பலகையில் பட்டால் எண் எகிறும், மெத்தையில் பட்டால் சரியும். எனவே ஒரு கருவியில் வந்த நியூட்டனை வேறொரு கருவியில் வந்த நியூட்டனோடு ஒப்பிடாதீர்கள்.

3. வேகத்தை அளக்கச் சாதாரண போன் போதுமா?

போதும், ஸ்லோமோஷன் இருந்தால். வினாடிக்கு 240 ஃபிரேம் (தனித்தனிப் படம்) எடுக்கும் போனில் ஒரு ஃபிரேம் சுமார் 4.2 மில்லி வினாடி. 120 ஃபிரேம் என்றால் 8.3. சாதாரண 30 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேமே 33 மில்லி வினாடி என்பதால், ஒரு நேர்க்குத்து மூன்று நான்கு படத்தில் முடிந்துவிடும். அதில் ஒன்றைக் கூடக்குறைய எண்ணினால் கணக்கு மூன்றில் ஒரு பங்கு தவறிப்போகும். 240இல் அதே குத்துக்கு 25 முதல் 35 ஃபிரேம் கிடைக்கும். ஒன்று தவறினாலும் நான்கு சதவீதத்தைத் தாண்டாது.

4. போனை எங்க வைக்கணும்? கையில பிடிச்சு எடுத்தா ஆகாதா?

ஆகாது. ஸ்டாண்டு இல்லாவிட்டால் நாற்காலி மேல் இரண்டு செங்கல்லுக்கு நடுவில் செருகுங்கள். கை போகும் பாதைக்குச் செங்குத்தாக, பக்கவாட்டில், 3 முதல் 4 மீட்டர் தள்ளி, தோள் உயரத்தில் போன் நிற்க வேண்டும். கிட்டே வைத்தால் படத்தின் ஓரம் வளையும். தள்ளி வைத்து ஜூம் செய்துகொள்வது மேல்.

பெரும்பாலோர் தடுக்கி விழுவது அளவுகோலில். டேப்பைச் சுவரில் ஒட்டிவிட்டு அதற்கு முன்னால் நின்று குத்துவார்கள். போனிலிருந்து கை 3 மீட்டர், சுவர் 3.5 மீட்டர் என்று வையுங்கள். கை 60 செ.மீ. போனால் சுவர் டேப்பில் அது 70 செ.மீ. ஆகத் தெரியும். உட்கார்ந்த இடத்தில் 17 சதவீதம் ‘முன்னேற்றம்’! ஆகவே அளவுகோல் கை போகும் அதே தளத்தில் இருக்க வேண்டும். குத்துவதற்கு முன், முஷ்டி போகும் கோட்டில் ஒரு மீட்டர் குச்சியைப் பிடித்துச் சில வினாடி படமெடுத்துவிட்டு அகற்றுங்கள். கேமராவை அதன்பின் தொடாதீர்கள்.

முஷ்டியின் பக்கவாட்டில் இரண்டு செ.மீ. வெள்ளை டேப் ஒன்று ஒட்டுங்கள். கறுப்புக் கிளவுஸ், கறுப்புப் பை, மங்கிய சுவர் என்றிருந்தால் எந்த இடத்தைக் குறிப்பது என்றே தெரியாது.

5. எந்த ஃபிரேம்ல ஆரம்பிச்சு எதுல முடிக்கிறது? ஆளுக்கு ஒரு எண் வருதே!

விதியை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டேப் குறி முதன்முறை நகர்ந்து, அடுத்த ஃபிரேமிலும் அதே திசையில் நகர்ந்தால் முதல் ஃபிரேம்தான் தொடக்கம். கிளவுஸ் பையைத் தொடும் முதல் ஃபிரேம் முடிவு. பை உள்வாங்குவது வரை எண்ணக் கூடாது. எண்ணுகிறவர் எப்போதும் ஒரே ஆளாக இருக்கட்டும்.

ஓர் உதாரணம். குறி 54 செ.மீ. போனது, 27 ஃபிரேம் ஆனது. 27ஐ 240ஆல் வகுத்தால் 0.1125 வினாடி, சராசரி வேகம் வினாடிக்கு 4.8 மீட்டர். இது முழுப் பயணத்தின் சராசரி. படும்போது உள்ள வேகம் வேண்டுமானால் தொடுவதற்கு முந்திய 5 ஃபிரேமை மட்டும் எடுங்கள். அதில் 16 செ.மீ. போயிருந்தால் வினாடிக்கு 7.7 மீட்டர். நோட்டில் இரண்டையும் எழுதுங்கள். முதல் எண் எவ்வளவு சீக்கிரம் கை போய்ச் சேர்கிறது என்பதைச் சொல்லும், இரண்டாவது எவ்வளவு வேகத்தோடு மோதுகிறது என்பதை.

கை ஏறக்குறைய முக்கால்வாசி நீளும்போது வேகம் உச்சத்தில் இருக்கும். முழுக்க நீண்டு முடிந்த இடத்தில் வேகம் சுழி. பை அரை அடி தள்ளி இருந்தால், நல்ல குத்தும் அளவில் செத்துப்போகும். நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

6. போன்ல 240னு போட்டிருக்கு. அது நெசமாவே 240தானா?

நல்ல சந்தேகம். சில போன்கள் குறைவாக எடுத்துவிட்டு நடுவில் படங்களைத் தாங்களே நிரப்பும். ஒரு கிரிக்கெட் பந்தைச் சரியாக 1 மீட்டர் உயரத்திலிருந்து விடுங்கள். தரையைத் தொட 0.452 வினாடி ஆகும். 240இல் எண்ணினால் 108 ஃபிரேம் வர வேண்டும். இரண்டு மூன்று கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை. 54 வந்தால் அது 120 ஃபிரேம் போன். பந்து இரண்டு ஃபிரேம் ஒரே இடத்தில் நின்று பிறகு தாவினாலோ, மங்கலான இரட்டை உருவமாகத் தெரிந்தாலோ, நடுவில் நிரப்பியிருக்கிறது என்று அர்த்தம். பந்தைத் தள்ளாமல் விரலை மட்டும் விரித்து விடுங்கள்.

7. கிளாஸ் ஹால்ல எடுத்தா வீடியோ மினுக்கு மினுக்குனு வருது.

நம் கரண்டு 50 ஹெர்ட்ஸ். விளக்கு வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாதது ஸ்லோமோஷனில் தெரிகிறது. மொட்டை மாடியில் காலை ஏழு எட்டு மணி வெயிலில் எடுங்கள். வெளிச்சம் கூடினால் இன்னொரு லாபமும் உண்டு: ஷட்டர் சீக்கிரம் மூடும். வினாடிக்கு 8 மீட்டர் போகும் கை, ஷட்டர் 1/240 வினாடி திறந்திருந்தால் 3 செ.மீ.க்கு மேல் இழுபட்டுத் தெரியும். 1/1000 என்றால் 8 மில்லிமீட்டர்தான்.

8. அப்ப எத்தனை வந்தா நல்ல ஸ்பீடு?

முறையாகப் பழகுகிறவர்களின் நேர்க்குத்து, படும் நேரத்தில் வினாடிக்கு 6 முதல் 10 மீட்டர் வரை இருக்கும். வட்ட உதையில் தேர்ந்தவர்களின் பாதம் 13 முதல் 16 வரை போகும். விசைக்கு ஓர் அளவு வேண்டுமானால் 2000இல் வெளியான ஒரு குத்துச்சண்டை ஆய்வு இருக்கிறது: பின்கைக் குத்தில் (நிற்கும்போது பின்னால் இருக்கும் கை) தேர்ந்தவர்கள் 4800, நடுத்தரம் 3722, புதியவர்கள் 2381 நியூட்டன். முன்னால் இருக்கும் கையான முன்கையில் முறையே 2847, 2283, 1604.

இந்த எண்களை உங்கள் எண்ணோடு வைத்துப் பார்க்காதீர்கள். கேள்வி 2இல் சொன்ன காரணம்தான். அவற்றுக்குள் இருக்கும் விகிதத்தைப் பாருங்கள். முன்கை எல்லோருக்கும் பின்கையில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்குச் சற்றுக் குறைவோதான். முன்கைக்குத் தோளும் இடுப்பும் திரும்ப இடமில்லை. ‘ஜாப்ல (முன்கை நேர்க்குத்தில்) பவரே இல்ல’ என்று வருந்துகிறவர்கள் இதைப் பார்த்து ஆறுதல் அடையலாம்.

9. பலத்தை அளக்க மெஷின் வாங்க வசதியில்ல. வேற வழி?

தொங்கும் பைதான் உங்கள் மெஷின். பை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதிலிருந்து அடி அதற்குக் கொடுத்த உந்தத்தைக் கணக்கிடலாம். பள்ளியில் படித்த ஊசல் பாடம்தான். முதலில் பையைக் கழற்றிப் பழைய இரும்புக்கடைத் தராசில் நிறுத்து எடையைக் குறியுங்கள். திரும்ப மாட்டி, லேசாகத் தள்ளி, 10 முழு ஆட்டத்துக்கு எத்தனை வினாடி என்று பாருங்கள். போய்த் திரும்பி வருவது ஓர் ஆட்டம். பத்தால் வகுத்தால் ஓர் ஆட்ட நேரம்.

பையின் நடு உயரத்தில் வெள்ளை டேப் சுற்றுங்கள். பை அசையாமல் நிற்கும்போது அந்த உயரத்திலேயே ஒரு குத்து விட்டு, டேப் அதிகபட்சம் எத்தனை தூரம் பின்னால் போனது என்று வீடியோவில் பாருங்கள். ஆட்டம் மெதுவானது என்பதால் இதற்குச் சாதாரண வீடியோ போதும். அளவுகோல் விதி கேள்வி 4இல் உள்ளதே. தூரத்தை மீட்டரில் எழுதி 6.28ஆல் பெருக்கி, ஆட்ட நேரத்தால் வகுத்தால் பை கிளம்பிய வேகம். அதை எடையால் பெருக்கினால் உந்தம். 30 கிலோ பை, ஆட்ட நேரம் 2.4 வினாடி, பின்னால் போனது 25 செ.மீ. என்றால் வேகம் 0.65, உந்தம் சுமார் 20. இது தோராயம்தான், ஆனால் ஒரே பையில் ஒரே ஆளை மாதாமாதம் ஒப்பிடத் தாராளமாகப் போதும்.

கெடுக்கும் விஷயங்கள் மூன்று. நடுவில் படாமல் மேலே கீழே பட்டால் பை சுழலும், பின்னால் போவது குறையும். அந்த அடியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முந்தைய ஆட்டம் முழுக்க நிற்காமல் அடித்தால் எண் எங்கோ போகும். உள்ளே திணித்தது அடியில் இறங்கிவிடுவது மூன்றாவது. நம் பக்கம் தைத்து வாங்கும் பைகளில் தறிக் கழிவு நூலும் தையல்கடை வெட்டுத் துணியும்தான் அதிகம். ஆறு மாதத்தில் கீழ்ப்பாதி கல்லாகவும் மேல்பாதி தொளதொளவென்றும் ஆகிவிடும். பிரித்துத் திணித்தால் எடையையும் ஆட்ட நேரத்தையும் மறுபடி எடுக்க வேண்டும். இறங்கியதைச் சரிக்கட்ட மணலைக் கொட்டுகிறவர்கள் மணிக்கட்டைப் பறிகொடுப்பார்கள்.

தொங்கவிடும் இடம் கான்கிரீட் தளமாக இருக்கட்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் தாங்கும் மெலிந்த ஆங்கிளில் மாட்டாதீர்கள். நிற்கும் பையின் எடையை அது தாங்கலாம், ஆடும் பையின் இழுப்பு வேறு.

10. எங்க மாஸ்டர் பை ஆடவே கூடாதுங்கறார். நீங்க ஆட்டத்தை அளக்கச் சொல்றீங்க. எது சரி?

இரண்டும் சரிதான். நீளமாக ஒட்டிக்கொண்டு தள்ளினாலும் பை நன்றாக ஆடும். உந்தம் என்பது விசையும் நேரமும் சேர்ந்த கணக்கு. குறைந்த விசையை அதிக நேரம் கொடுத்தாலும் அதே ஆட்டம் கிடைத்துவிடும். சுருக்கென்று பட்டுத் திரும்பும் அடியில் பை முதலில் மடங்கி அதிரும், ‘டப்’பென்று சத்தம் வரும், பிறகுதான் நகரும். மாஸ்டர் வேண்டாம் என்பது தள்ளுவதை.

பிரித்தறிய ஸ்லோமோஷனில் கிளவுஸ் பையைத் தொட்ட ஃபிரேமிலிருந்து விலகிய ஃபிரேம் வரை எண்ணுங்கள். ஆட்டம் அதேயிருக்க இந்த எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால், தள்ளுவது போய் அது உண்மையான அடியாக மாறுகிறது. எண்ணிக்கையும் ஆட்டமும் சேர்ந்து கூடினால் நீங்கள் பழகுவது தள்ளுவதற்கு.

11. வேகமும் எடுத்தாச்சு, ஆட்டமும் எடுத்தாச்சு. ரெண்டையும் வச்சு என்ன பண்றது?

இந்தப் பக்கத்தில் மிகவும் உதவக்கூடிய கணக்கு இதுதான். கேள்வி 9இன் உந்தத்தைக் கேள்வி 5இன் மோதும் வேகத்தால் வகுங்கள். 20ஐ 7.7ஆல் வகுத்தால் 2.6. முஷ்டியோடு சுமார் 2.6 கிலோ சேர்ந்து வந்திருக்கிறது. ஒரு முழுக் கையின் எடை உடல் எடையில் ஏறக்குறைய 5 சதவீதம். குத்தியவர் 60 கிலோ என்றால் 3 கிலோ. இவருக்குக் கைகூட முழுதாக வந்து சேரவில்லை என்று தெரிகிறது. தள்ளினால் இந்த எண்ணும் பொய்யாக ஏறும் என்பதால், கேள்வி 10இன் ஃபிரேம் எண்ணிக்கையைப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

வேகம் நன்றாக இருந்து இந்த எண் குறைந்தால், படும் கணத்தில் மணிக்கட்டோ முழங்கையோ தளர்ந்திருக்கிறது, அல்லது பின்கால் குதிகால் திரும்பவில்லை. இதற்குத் தண்டால் எண்ணிக்கையைக் கூட்டுவதில் பயனில்லை. இடுப்பும் காலும் சேரும் நேரத்தைத் திருத்த வேண்டும். எண் நன்றாக இருந்து வேகம் குறைந்தால், தொடக்கத்திலிருந்தே உடம்பை இறுக்கிக்கொண்டு கிளம்புகிறார். முஷ்டியைத் தொடக்கத்தில் தளர்த்தி, படும்போது மட்டும் இறுக்கப் பழக வேண்டும். ஒரே ‘பவர் கம்மி’க்கு இரண்டு வேறு மருந்து. ஏதோ ஒன்றை மட்டும் அளந்திருந்தால் இது தெரிந்திருக்காது.

12. வீட்டு எடை மெஷின்மேல குத்தினா எவ்வளவுனு காட்டாதா? இல்ல, நாங்க இன்ஜினியரிங் பசங்க, லோடு செல் வச்சு நாங்களே பண்ணிடட்டுமா?

எடை மெஷின் நிற்கிற எடையைச் சராசரி போட்டுக் காட்டுவது. குத்து முடிந்தபின்தான் அது கண்ணைத் திறக்கும். கண்ணாடி மேல்தட்டு உடைந்தால் கை தையலோடு முடியும்.

லோடு செல் (விசையை மின்சைகையாக்கும் உணரி) வைத்துச் செய்யலாம், ஆனால் அந்தச் சைகையைப் படிக்கப் பெரும்பாலோர் வாங்குவது எச்.எக்ஸ்.711 என்ற மின்னணுப் பலகை. அது வினாடிக்கு 10 அல்லது 80 முறைதான் படிக்கும். 80 என்றாலும் இரண்டு படிப்புக்கு நடுவே 12.5 மில்லி வினாடி. உச்சம் 14 மில்லி வினாடிக்குள் வந்துபோவதைக் கேள்வி 2இல் பார்த்தோம். உச்சம் சிக்குவது குருட்டு அதிர்ஷ்டம். அதே குத்துக்கு ஒருமுறை 900, ஒருமுறை 2500 என்று வரும். வினாடிக்குக் குறைந்தது 1000 முறை படிக்கும் பெருக்கி வேண்டும். செல் 500 கிலோவாவது தாங்க வேண்டும். முன்னால் வைக்கும் ஃபோமின் தடிமனை ஒருபோதும் மாற்றக் கூடாது. சேலம் கோடையில் ஃபோம் இளகும். மே மாத மதியத்தில் எடுத்ததை மார்கழிக் காலையோடு ஒப்பிட வேண்டாம்.

13. ஆடித் திருவிழாப் பொருட்காட்சியில குத்து மெஷின்ல 850 வந்துச்சு. அது எத்தனை நியூட்டன்?

எத்தனையும் இல்லை, அது வெறும் புள்ளி. அவற்றில் பல, தொங்கும் உருண்டை மடங்கி மேலே போகும் வேகத்தைத்தான் பார்க்கின்றன. கை வீசி ஓடிவந்து மேலிருந்து கீழே அறைகிறவருக்கு நேராகக் குத்துகிறவரைவிடக் கூட வரும். விளையாடுங்கள், தப்பில்லை. ஆனால் கைக்கட்டுத் துணியும் கிளவுஸும் இல்லாமல் வேண்டாம். சுண்டுவிரல் பக்க முட்டியில் பட்டு எலும்பு முறிவது அங்கேதான் சுலபம்.

14. ரியாக்‌ஷன் டைமும் ஸ்பீடும் ஒண்ணுதானுங்களே?

வேறு வேறு. பார்த்து முடிவெடுத்துக் கை கிளம்பும் வரை ஒரு நேரம், கிளம்பிய பின் போய்ச் சேர ஒரு நேரம். முதலாவதற்கு 30 செ.மீ. ஸ்கேல் போதும். ஒருவர் மேல்நுனியைப் பிடித்திருக்க, நீங்கள் சுழிக்கு நேராக விரலைத் திறந்து வையுங்கள். சொல்லாமல் விடும்போது பிடியுங்கள். 10 செ.மீ.யில் பிடித்தால் 0.14 வினாடி, 15 என்றால் 0.175, 20 என்றால் 0.20, 25 என்றால் 0.23. முதல் மூன்று தடவையைத் தள்ளிவிட்டு அடுத்த ஐந்தின் நடு எண்ணை எடுங்கள்.

15. காம்பினேஷன் ஸ்பீடை எப்படி எடுக்கறது? வீடியோல எண்ணி எண்ணிக் கண்ணு போகுது.

சத்தத்தை அளங்கள். போனின் ஒலிப்பதிவை அலைவடிவமாகக் காட்டும் எந்தச் செயலியிலும் ஒவ்வொரு ‘டப்’பும் முள்ளாக நிற்கும், இடைவெளியை மில்லி வினாடி சுத்தமாகப் படிக்கலாம். 10 குத்துக்கு 9 இடைவெளிதான். முதல் முள்ளுக்கும் கடைசி முள்ளுக்கும் 1.6 வினாடி என்றால் ஒரு குத்துக்கு 0.18.

தாக்குப்பிடிக்கும் சக்திக்கும் இதுவே வழி. 30 வினாடி விடாமல் குத்தவிட்டு, முதல் 5 வினாடியில் எத்தனை முள், கடைசி 5 வினாடியில் எத்தனை என்று எண்ணுங்கள். 38 என்பது 26 ஆனால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. முள்ளின் உயரத்தைப் பலமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போன் தானாகவே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும்.

16. சிலம்பத்துக்கு இதெல்லாம் பொருந்துமா?

நன்றாகவே. ஸ்லோமோஷனில் கம்பு ஒரு முழுச் சுற்று வர எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். 80 ஃபிரேம் என்றால் வினாடிக்கு 3 சுற்று. பிடியிலிருந்து நுனி 80 செ.மீ. என்றால் நுனியின் வேகம் 6.28 × 0.8 × 3, அதாவது வினாடிக்கு 15 மீட்டர். கேள்வி 8இன் முஷ்டி வேகத்தோடு பாருங்கள், கம்பின் அருமை புரியும். பிடியை நகர்த்தினால் நுனித் தூரம் மாறிவிடும் என்பதால் பிடி இடத்தில் நூல் சுற்றிவிடுங்கள். சுற்றும் தளத்துக்கு நேர் எதிரே கேமரா வேண்டும். கம்பு கைநழுவினால் படாத தூரத்தில், ஆளில்லாமல், போன் மட்டும்.

அடுத்தவர் கம்பை வாங்கிச் சுற்றி ‘எனக்கு வேகம் குறைஞ்சிடுச்சு’ என்று வருவார்கள். அதே தடிமனில் நீளம் பத்தில் ஒரு பங்கு கூடினால், சுழற்றுவதற்கான எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும். எடையும் கூடுகிறது, அந்த எடை கையிலிருந்து தூரமும் போகிறது. ஏற்காட்டு மழைக்காலத்தில் மூங்கில் ஈரம் குடித்துக் கனக்கும். சோதனை நாளில் கம்பைச் சமையல் தராசில் நிறுத்து எடையை நோட்டில் குறிப்பது நல்லது. சுற்று வேகமும் அடி வேகமும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம். அலங்கார வீச்சில் சூறாவளியாகச் சுற்றுகிறவர் நின்ற இடத்திலிருந்து ஒரே அடி விடும்போது சுமாராக இருப்பதுண்டு. அதைக் கேள்வி 5இன் முறையில் தனியாக எடுங்கள்.

17. வட்ட உதையைப் பக்கத்துல இருந்து எடுத்தா வேகம் ரொம்பக் கம்மியா வருதே?

பாதம் கேமராவை நோக்கி வருவதால். வட்ட உதையில் கடைசிப் பகுதியில் பாதம் குறுக்கே வருகிறது. எனவே உதைப்பவரின் முதுகுப் பக்கமிருந்து எடுங்கள். முன் உதைக்குப் பக்கவாட்டுக் கேமரா சரி. அப்படியும் ஒரு கேமராவில் வளைந்த பாதை முழுதாகக் கிடைக்காது. உதைக்கு நேரத்தை நம்புங்கள்: பாதம் தரையை விட்ட ஃபிரேமிலிருந்து உதை வாங்கும் திண்டைத் தொட்ட ஃபிரேம் வரை.

டேக்வாண்டோ போட்டியில் மாட்டும் மின்னணு மார்புக் கவசம் பற்றியும் கேட்கிறார்கள். ஒலிம்பிக்கில் 2012 லண்டன் போட்டியிலிருந்து அது இருக்கிறது. எடைப் பிரிவுக்கு ஏற்ற வரம்பைத் தாண்டினால் புள்ளி விழும், அவ்வளவுதான். பயிற்சி அளவீட்டுக்கு அதைத் தேட வேண்டாம்.

18. ஏற்காட்டுல காத்து லேசு, அங்க எடுத்தா ஸ்பீடு கூட வருமாங்க?

சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500. காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைவு. ஆனால் முஷ்டிக்குக் காற்று கொடுக்கும் தடை ஒரு நியூட்டனைக்கூடத் தாண்டாது. அதில் ஏழில் ஒரு பங்கு குறைந்து என்ன ஆகப்போகிறது?

குளிர்தான் கணக்கைக் கெடுக்கும். தசை குளிர்ந்தால் அதன் வெடிப்பு குறையும். பனிக்காலத்தில் ஏரிக்கரையில் காலை ஆறு மணிக்கு எடுத்த எண்ணைச் சேலத்து மாலை ஐந்து மணி எண்ணோடு வைத்துவிட்டு மலையைக் குறை சொல்லாதீர்கள். அங்கே உடம்பைச் சூடாக்க 10 நிமிடம் பத்தாது, 20 ஆக்குங்கள்; முறை வரும் வரை ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி பஸ்ஸிலிருந்து இறங்கியவுடன் சோதிப்பது யாருக்கும் நல்லதல்ல.

19. பையனுக்கு 9 வயசு. அவனுக்கும் டெஸ்ட் எடுக்கலாமா? ஓடு உடைக்கச் சொல்லித் தரலாமா?

ஸ்கேல் பிடிப்பது, நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுவது, வெறும் வீடியோ எடுத்துக் காட்டுவது எல்லாம் செய்யலாம். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. கனமான பையில் முழுப் பலத்தோடு அளவெடுக்க வேண்டாம். எலும்பு நுனிகளில் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடவில்லை. காற்றில் முழு வேகத்தில் குத்த வைப்பதும் கூடாது. நிறுத்த எதுவும் இல்லாமல் முழங்கை பின்னுக்கு முறுக்கிக்கொள்ளும். பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.

ஓடு உடைப்பது அளவீடே அல்ல. காய்ந்த ஓடு, நனைந்த ஓடு, நடுவில் சந்து விட்டு அடுக்கியது, விடாமல் அடுக்கியது என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். மேடைக்கு அழகு, நோட்டுக்கு உதவாது.

20. போன மாசம் 7.4, இந்த மாசம் 7.7. முன்னேறிட்டேனா?

அந்த இரண்டு எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உங்கள் ஐந்து குத்துகளே 7.2, 7.9, 7.5, 7.0, 7.6 என்று சிதறினால், 0.3 என்பது அந்தச் சிதறலுக்குள் அடங்கிவிடும். முதலில் இரண்டு நாள் இடைவெளியில், நடுவில் எதுவும் மாற்றாமல், இருமுறை சோதியுங்கள். அப்போது வரும் வித்தியாசம்தான் உங்கள் அளவீட்டின் தள்ளாட்டம். அதைத் தாண்டிய மாற்றம் மட்டுமே மாற்றம்.

நாள்முறை இப்படி வையுங்கள்: உடம்பைச் சூடாக்கி, பாதி வேகத்தில் மூன்று, பிறகு முழு வேகத்தில் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிமிடம் ஓய்வு. ஐந்தில் நடு எண்ணை எழுதுங்கள். சிறந்ததை எழுதினால் மனசுக்குத்தான் சந்தோஷம். அதே கிளவுஸ், அதே கட்டு, அதே கோடு, அதே நேரம். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை போதும். வாரா வாரம் எடுக்கிறவர்கள் சோதனைக்குப் பழகுவார்கள், அடிக்கு அல்ல.

21. நம்பர் எல்லாம் ஏறியாச்சு, ஆனா ஸ்பாரிங்ல ஒரு குத்துகூடப் பட மாட்டேங்குது. ஏன்?

அதே வீடியோவை முஷ்டியைப் பார்க்காமல் பாருங்கள். முஷ்டி முன்னால் கிளம்புவதற்கு முன் தோள் இறங்குகிறதா, முழங்கை வெளியே விரிகிறதா, முஷ்டி முதலில் பின்னால் போகிறதா, மூச்சை இழுத்து மார்பு தூக்குகிறதா? அந்த முதல் அசைவிலிருந்து முஷ்டி கிளம்பும் வரை ஃபிரேம் எண்ணுங்கள். 20 ஃபிரேம் என்றால் 83 மில்லி வினாடி. உங்கள் குத்து போய்ச் சேர 0.14 வினாடி என்று வையுங்கள்; எதிராளி பார்த்துக் கிளம்பக் கேள்வி 14இன்படி 0.20. முன்னறிவிப்பு இல்லாவிட்டால் அவர் தலை நகருமுன் குத்து போய்விடும். முன்னறிவிப்பையும் கூட்டினால் 0.22 ஆகிறது, அவருக்கு நேரம் கிடைத்துவிட்டது.

பையில் எண்ணைக் கூட்ட ஆசைப்பட்டு, கையைப் பின்னுக்கு இழுத்துக் குத்துவதால்தான் இந்தப் பழக்கம் வருகிறது. அடுத்த சோதனையில் இந்த முன் ஃபிரேம்களுக்கு ஒரு தனிக் கட்டம் போடுங்கள். அது 5க்குக் கீழே வரும் வரை, மோதும் வேகம் கொஞ்சம் குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.